கேள்வி கேட்க இடம் தரும் யந்திரம்

வால்வு ரேடியோக்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு மர அலமாரியைப் போல் வீற்றிருந்த காலத்தில், அவற்றின் முதுகுப்புற அட்டையைத் திருகாணி நீக்கி எடுத்துப் பார்த்தால், பல பெட்டிகளின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருப்பது கண்ணில் படும். பழுப்பேறிய அந்தக் காகிதத்தில் அந்த ரேடியோவின் மின்சுற்று முழுவதும், எந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தத் தடையின் மதிப்பு எவ்வளவு, எந்தக் கம்பி எதனோடு சேர்கிறது என்னும் விவரங்களுடன், கோடுகளாகவும் குறிகளாகவும் வரையப்பட்டிருக்கும். பழுது பார்க்க வந்தவர் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், நோயுற்ற இடத்தில் நிறுத்துவார். யந்திரத்தை விற்றவர் அதைப் பற்றிய அறிவையும் அதனுடன் சேர்த்தே விற்றார் என்பதுதான் அந்தக் காகிதத்தின் பொருள். இக்காலத்துப் பெட்டிகளிலும் ஒரு காகிதம் ஒட்டப்பட்டுத்தான் வருகிறது. ஆனால் அதில் எழுதியிருப்பது, இதைக் கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்பதே.

அந்தப் பழைய காகிதத்தை மீண்டும் பெட்டிக்குள் ஒட்டும் முயற்சிக்கே திறந்த வன்பொருள், அதாவது ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர், என்று பெயர். இம்முயற்சி பல துறைகளில் நடைபெறுகிறதாயினும், பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தை 'மைனிங்' செய்யும் யந்திரங்களில் அது ஒரு விசேஷமான ருசி பெறுகிறது. ஏனெனில், எவரையும் நம்பவேண்டியதில்லை, எல்லாவற்றையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியின்மேல் எழுந்தது அந்த நாணயம். அதன் கணக்கோ, எவரும் திறந்து பார்க்கக்கூடிய விதிகளால் எழுதப்பட்ட பேரேடு. ஆனால் அப்பேரேட்டை எழுதும் யந்திரங்கள் மட்டும் நெடுநாளாகப் பூட்டிய பெட்டிகளாகவே இருந்துவந்திருக்கின்றன. பிட்காயின் உண்மையில் பணந்தானா என்ற விவாதத்தைப் பொருளாதார சாஸ்திரிகளிடம் விட்டுவிட்டு, நாம் யந்திரத்தை மட்டும் பார்ப்போம்.

மைனிங் என்ற சொல் சுரங்கத்தை நினைவூட்டினாலும், அங்கே தோண்டப்படுவது ஒன்றுமில்லை, நடப்பதெல்லாம் ஊகிப்பதே. பேரேட்டின் ஒவ்வொரு புதிய பக்கத்துக்கும், அதாவது பிளாக் ஒவ்வொன்றுக்கும், 80 பைட் நீளமுள்ள ஒரு தலைப்பு உண்டு. பதிப்பு எண், முந்தைய பிளாக்கின் முத்திரை, இந்த பிளாக்கில் அடங்கிய கொடுக்கல் வாங்கல்களின் சாரம், நேரம், எட்டவேண்டிய இலக்கு ஆகியவற்றுக்குப் பின்னால், கடைசி 4 பைட்டுகளில் 'நான்ஸ்' என்ற பொருளற்ற எண் ஒன்று நிற்கும். இந்தத் தலைப்பை ஒரு கணித ஆலைக்குள் இரண்டு முறை செலுத்தினால் வெளியே வரும் எண், குறித்த இலக்கைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். இல்லையேல் நான்ஸை மாற்றி மறுபடியும் செலுத்தவேண்டும். எந்த நான்ஸ் பலிக்கும் என்று முன்கூட்டி அறியக் குறுக்குவழி எதுவும் இல்லை. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்ப்பதைத் தவிர வேறு உபாயமும் இல்லை. கண்டுபிடிப்பது மலையைப் புரட்டுவது போன்றதென்றால், கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பதோ ஒரே ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்கும் எளிய வேலை. இந்த ஏற்றத்தாழ்வை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். அத்தியாயத்தின் முடிவில் அது நமக்குத் துணைசெய்யும்.

அந்தக் கணித ஆலையின் பெயர் எஸ்.எச்.ஏ.-256. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை வகுத்த இம்முறையை, அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனம் 2002-இல் பொதுத் தரமாக வெளியிட்டது. வேவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு செய்து கொடுத்த பூட்டை உலகம் எப்படி நம்பிற்று என்று கேட்கலாம். அதன் உள்ளே வரும் மாறா எண்களெல்லாம் முதல் சில பகா எண்களின் வர்க்க மூலங்களிலிருந்தும் கன மூலங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பள்ளிக் கணிதம் அறிந்த எவரும் அவற்றைத் தாமே கணக்கிட்டு, ரகசிய நோக்கத்துடன் பொறுக்கிய எண் எதுவும் அங்கே இல்லை என்று கண்டுகொள்ளலாம். செய்தவர் யார் என்று பார்த்து வந்த நம்பிக்கையன்று அது. செய்ததைச் சோதிக்க முடிந்ததால் வந்த நம்பிக்கை.

இந்த ஆலை ஒரு தகவலை 64 சுற்றுகள் சுழற்றிக் கலக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுவதும், இலக்கங்களை இடம் பெயர்ப்பதும், ஒன்றோடொன்று ஒப்பிட்டு மாற்றுவதுமாகிய அற்ப வேலைகளே நடைபெறுகின்றன. கட்டடம் எழும்பும் இடத்தில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிவிடுவதைப் பார்த்திருப்போம். முதல் செங்கல் மேலே போய்ச் சேரச் சற்று நேரமாகும், ஆனால் அதன்பின் ஒவ்வொரு கைவீச்சுக்கும் ஒரு செங்கல் மேலே வந்துகொண்டே இருக்கும். 64 சுற்றுகளை 64 ஆட்களாக நிறுத்தி, அப்படி இரண்டு வரிசைகளைச் சேர்த்து, மின்துடிப்பு ஒன்றுக்கு ஒரு விடை வெளிவரும்படி சிலிக்கனில் செதுக்கினால் அதுவே மைனிங் சில்லு. அதற்கு இந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரியாதிருப்பதே அதன் வேகத்துக்குக் காரணம்.

2009 ஜனவரி 3-இல் முதல் பிளாக் பிறந்தபோது இதற்கெனத் தனி யந்திரம் எதுவும் இருக்கவில்லை; மேஜைக் கணினிகளே போதுமானவையாயிருந்தன. 2010-இல் விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்ட கிராஃபிக்ஸ் அட்டைகள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. 2011 மே மாதத்தில், வேண்டியபடி உட்சுற்றை மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளுக்கான வடிவமைப்பு ஒன்று மூலத்துடன் பொதுவில் வைக்கப்பட்டது. இந்தத் துறையின் முதல் திறந்த வன்பொருட் படைப்புகளில் அதுவும் ஒன்று. அதே ஆண்டில், ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து நிபுணராக இருந்த கான் கொலிவாஸ் என்பவர் 'சி.ஜி.மைனர்' என்னும் மென்பொருளை எழுதி, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை கொடுத்து வெளியிட்டார். பின்னாளில் பெருநிறுவனங்களின் பெட்டிகளுக்குள் ஓடிய மென்பொருள்கள் பல அதன் சந்ததியே. 2013 ஜனவரியில் 'அவலான்' என்ற யந்திரம் இவ்வேலைக்கென்றே வார்க்கப்பட்ட சில்லுகளுடன் வந்தது. அந்நிறுவனம் சில்லுகளைப் 10,000 கொண்ட தொகுதிகளாகத் தனியே விற்கவும் முன்வந்ததால், பலர் கூடிப் பணம் சேர்த்து வாங்கி, தாங்களே பலகை வரைந்து, வரைந்ததைப் பிறருக்கும் கொடுத்தார்கள். அந்த வசந்தம் நீடிக்கவில்லை. போட்டி கடுமையாக, சில்லு செய்பவரே முழு யந்திரத்தையும் செய்து விற்பவராகி, சில்லின் விவரக் குறிப்பேடு வெளியாருக்குக் கிட்டாத பொருளாயிற்று.

பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கலாம் என்பதற்கு 2017 ஏப்ரலில் ஓர் உதாரணம் கிடைத்தது. பிட்மெயின் நிறுவனத்தின் ஆன்ட்மைனர் யந்திரங்களுக்குள் பதிந்து ஓடும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், சில நிமிஷங்களுக்கு ஒரு முறை ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தொடர்புகொண்டு தன் வரிசை எண்ணைச் சொல்லி, 'வேண்டாம்' என்ற பதில் வந்தால் வேலையை நிறுத்திவிடும்படி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. யந்திரம் களவு போனால் உடையவரே அதை நிறுத்துவதற்காகத் தொடங்கி முடிக்காமல் விட்ட வசதி அது என்று நிறுவனம் விளக்கம் கூறி, அதை நீக்கவும் செய்தது. நோக்கம் எதுவாயினும் ஆகுக. அந்த வரிகள் வெளிப்பட்டது எப்படி என்பதே நமக்கு முக்கியம். அந்த மென்பொருளின் மூல வரிகள் பொதுவில் வைக்கப்பட்டிருந்தன; படிக்கக்கூடியவையாக இருந்ததால் யாரோ ஒருவர் படித்தார்.

இந்தப் பின்னணியில்தான், பூட்டிய யந்திரத்தைத் திறந்த யந்திரமாக மாற்றிச் செய்யும் எண்ணம் ஒரு பொறியாளருக்கும் அவரைச் சுற்றிச் சேர்ந்த ஒரு சிறு குழுவுக்கும் தோன்றியது. அதன் பலனே 'பிட்ஆக்ஸ்' என்னும் பலகை. உள்ளங்கையில் அடங்கும் அதில் ஒரு விசிறி, விசிறிக்கு அடியில் அலுமினியச் சீப்பு போன்ற ஹீட்சிங்க், அதற்கும் அடியில் கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரே ஒரு மைனிங் சில்லு, ஓரத்தில் ஒரு சிறு திரை. சில்லைக் கடையில் வாங்க முடியாததால், தொடக்கத்தில் பழைய ஆன்ட்மைனர் பலகைகளிலிருந்து அதைச் சூடான காற்றை ஊதி ஈயம் இளகச் செய்து பெயர்த்தெடுத்தார்கள். விவரக் குறிப்பேடு இல்லாததால், ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தில் சில்லுக்கும் அதன் எஜமானனுக்கும் இடையே கம்பிகளின் வழியே நடக்கும் சம்பாஷணையை ஒட்டுக் கேட்டு, அந்தப் பாஷையின் இலக்கணத்தைத் தாங்களே எழுதினார்கள். சில்லுக்குச் செல்லும் ஒவ்வொரு கட்டளையும் பதினாறடிமான எண்களில் 55, ஏ.ஏ. என்ற இரண்டு பைட்டுகளுடன் தொடங்குகிறது. சில்லிலிருந்து வரும் ஒவ்வொரு பதிலும் அதே இரண்டைத் திருப்பிப்போட்டு ஏ.ஏ., 55 என்று தொடங்குகிறது. ஒருவர் வணக்கம் சொல்ல மற்றவர் பதில் வணக்கம் சொல்வது போன்ற இந்தச் சிறு சம்பிரதாயத்தைக் கண்டுகொண்டதிலிருந்து ஏனைய கட்டளைகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

பலகையை வரைபவருக்கு முதல் சங்கடம் மின்சாரம். 'காமா' என்று பெயரிட்ட பதிப்பில் பயன்படும் பி.எம்.1370 என்ற சில்லு, ஏறத்தாழ 1.15 வோல்ட்டில் வேலை செய்கிறது. ஆனால் பலகை முழுவதும் உண்ணும் 17 வாட் அளவுள்ள மின்சக்தியில் பெரும்பகுதி அதற்கே செல்வதால், அதனூடே 14 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாயவேண்டும். நம் வீட்டு 60 வாட் குண்டு பல்பில் ஓடுவது கால் ஆம்பியர்தான் என்பதை எண்ணினால், பாக்கு அளவுள்ள பொருளுக்குள் பாயும் இந்த வெள்ளத்தின் தன்மை விளங்கும். வெளியிலிருந்து வரும் 5 வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் மாற்றியைச் சில்லின் அருகிலேயே அமர்த்தவேண்டும். வழியில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தால்கூடக் கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவான சக்தி அங்கேயே வெப்பமாய் வீணாகும். ஆகவே செம்புப் பாதைகள் கோடுகளாக இராமல் வயல்களைப் போல் அகன்று, பலகையின் பல அடுக்குகளில் விரிகின்றன. பெரிய யந்திரங்களில் டஜன் கணக்கான சில்லுகளைத் தொடராகக் கோத்து இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கிறார்கள். ஒற்றைச் சில்லுப் பலகைக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

எஜமானன் ஸ்தானத்தில் இருப்பது இ.எஸ்.பி.32 என்னும் மலிவான கட்டுப்பாட்டுச் சில்லு. தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரையும் வீட்டு விளக்கையும் இயக்கும் சிறு கருவிகளில் பயன்படும் அதே இனம். இவ்வளவு எளிய எஜமானன் அவ்வளவு வேகமான ஊழியனுக்கு எப்படி ஈடுகொடுக்கிறான் என்பதும் அழகான கணக்கு. பி.எம்.1370-இல் 2,040 சிறு கணிப்பகங்கள் உண்டு. வினாடிக்கு 60 கோடித் துடிப்பில் ஓட்டினால், இரண்டையும் பெருக்க, வினாடிக்கு 1,22,400 கோடி முயற்சிகள். நான்ஸுக்குரிய 4 பைட்டுகளில் அடங்குவது 429 கோடி எண்களே; ஆகவே ஒரு தலைப்பின் நான்ஸ்கள் அனைத்தும் ஒரு வினாடியின் 280-இல் ஒரு பங்குக்குள் தீர்ந்துபோகும். அப்படித் தீரும்போதெல்லாம் புது வேலை அனுப்புவதென்றால் எஜமானன் திணறிவிடுவான். ஆனால் பதிப்பு எண்ணில் 16 பிட்டுகளை மாற்றிக்கொள்ள வழக்கம் இடந்தருகிறது. அந்த மாற்றத்தைச் சில்லே செய்துகொள்வதால், கணக்குப்படி ஒரே வேலை ஏறக்குறைய நாலு நிமிஷத்துக்குத் தாங்கும்.

இந்தப் பலகையின் வரைபடம் கிகேட் என்ற இலவச மென்பொருளில் வரையப்பட்டது. 1992-இல் ஃபிரான்ஸில் ழான்-பியர் ஷரா என்ற பேராசிரியர் தொடங்கிய கிகேடை, பின்னர் ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சிக் கூடம் ஆதரித்து வளர்த்தது. அணுவின் உட்கருவை ஆராயும் அந்தக் கூடமே, திறந்த வன்பொருளுக்கென்று ஓர் உரிம ஆவணத்தையும் 2011 முதல் வெளியிட்டு வருகிறது. மென்பொருளைப் பிரதி எடுப்பதற்குச் செலவில்லை; பலகையைப் பிரதி எடுக்கச் செம்பும் ஈயமும் கூலியும் வேண்டும். ஆகவே வன்பொருளில் 'திறந்த' என்பது இலவசம் என்று பொருள்படாது. வரைபடத்தைப் பார்த்துச் செய்யலாம், விற்கலாம், திருத்தலாம். அவ்வுரிமத்தின் கண்டிப்பான வகையிலோ, திருத்தியவர் தம் திருத்தத்தையும் அதே நிபந்தனையுடன் உலகுக்குக் கொடுக்கவேண்டும். சமையல் குறிப்பைப் பெற்றவர் பலகாரத்தை விற்கலாம். தாம் சேர்த்த ஏலக்காயை மறைக்கத்தான் கூடாது.

இப்படிச் செய்த யந்திரம் உடையவரைச் செல்வந்தராக்குமா? 2025-இல் உலகிலுள்ள மைனிங் யந்திரங்கள் அனைத்தின் வேகமும் சேர்ந்து, வினாடிக்கு ஒன்றின்பின் 21 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையை எட்டியது. அதில் நம் பலகையின் பங்கு ஏறத்தாழ 82 கோடியில் ஒன்று. பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக் என்ற கணக்கில் ஆண்டுக்கு 52,560 பிளாக்குகள். ஆகவே ஒரு பிளாக்கைக் கண்டு அதற்குரிய நாணயப் பரிசைப் பெறும் அதிர்ஷ்டம், சராசரியாக ஏறத்தாழ 15,600 ஆண்டுகளுக்கு ஒரு முறை அதற்கு வாய்க்கலாம். உலகம் வேகமான யந்திரங்களை மேன்மேலும் சேர்த்தாலும் நாணயம் அதிகமாகப் பிறப்பதில்லை. 2,016 பிளாக்குகளுக்கு ஒரு முறை விதியே இலக்கைக் கடினமாக்கிவிடுகிறது. மாதம் 12 யூனிட்டுக்குச் சற்று மேலான மின்சாரத்தைச் செலவிட்டு இந்தப் பலகையை ஓட்டுபவர் வாங்குவது, பெரும்பாலும், விடை வராத ஒரு சீட்டையும், ஒரு யந்திரத்தை அடிமுதல் நுனிவரை அறிந்த திருப்தியையும்தான்.

அடிமுதல் நுனிவரை என்று எழுதியவுடனேயே அந்தச் சொற்றொடரைத் திருத்தவேண்டியிருக்கிறது. பலகை திறந்தது, ஃபர்ம்வேர் திறந்தது, விசிறியின் வேகத்தை நிர்ணயிக்கும் வரிகூடத் திறந்தது. ஆனால் நடுவில் இருக்கும் அந்த நகத்தளவுச் சில்லு இன்னும் மூடியே கிடக்கிறது. நவீன சில்லு ஒன்றை வார்க்க வேண்டிய அச்சுத்தகடுகளுக்கே பல கோடி ரூபாய் செலவாவதாலும், அவ்வளவு நுண்மையாக வார்க்கவல்ல ஆலைகள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே ஆதலாலும், ஆர்வலர் சிலர் கூடிச் செய்துவிடக்கூடிய காரியமன்று அது. அப்படியானால், மூடிய சில்லைச் சுற்றித் திறந்த பலகையைக் கட்டியதால் வந்த பிரயோஜனம் என்ன?

சில்லு நம்மை எவ்விதங்களில் ஏமாற்றக்கூடும் என்று யோசித்தால் விடை கிடைக்கும். அது பொய் சொல்ல முடியாது. 'இந்த நான்ஸ் பலிக்கும்' என்று அது சொன்னால், முன்னே கண்ட ஏற்றத்தாழ்வின் காரணமாக, எளிய எஜமானன்கூட ஒரே ஒரு முறை கணக்கிட்டு அதைப் பரீட்சித்துவிடுவான். ஆனால் சில்லு மௌனமாக இருந்துவிட முடியும். இலக்கும் தலைப்பிலேயே எழுதப்பட்டிருப்பதால், இலக்கை எட்டாத சிறு விடைகளையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவந்துவிட்டு, பரிசுக்குரிய அந்த ஒரே விடை அகப்படும் கணத்தில் மட்டும் வாய் திறவாதிருக்கும்படி ஒரு சில்லைச் செய்வது, கொள்கையளவில், அசாத்தியமன்று. எந்தச் சில்லிலும் அப்படி ஒரு வஞ்சனை இருப்பதாக நாம் கூறவில்லை. ஆயினும் 15,600 ஆண்டுகளுக்கு ஒரு முறை பேசவேண்டிய ஒருவன், அந்த ஒரு முறை பேசாமலிருந்தால் யார் கண்டுபிடிப்பது?

திறந்த பலகையில் கண்டுபிடிக்கலாம். 2009-இன் முதல் பிளாக்குக்குரிய நான்ஸ் 2083236893 என்பது உலகறிந்த விஷயம்; அந்தத் தலைப்பைச் சில்லிடம் கொடுத்து, அது அதே எண்ணைச் சொல்கிறதா என்று கேட்கலாம். பழைய கேள்வியென்று தெரிந்துகொண்டு சில்லு நல்லவனாக நடிக்கலாம் என்று சந்தேகிப்பவருக்கும் வழியுண்டு. உலகில் எவரோ ஒருவர் ஏறத்தாழப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு புதிய பிளாக்கைக் கண்டுபிடித்து, கேள்வியையும் விடையையும் சேர்த்தே பறைசாற்றுகிறார். அந்தத் தலைப்பை உடனே எடுத்து நம் சில்லின் முன் வைத்தால், வெளியுலகத் தொடர்பு அறவே இல்லாத அது, தன் முன் இருப்பது ஏற்கெனவே விடை தெரிந்த பரீட்சைத் தாளா, பரிசுக்குரிய உண்மைப் புதிரா என்று அறிய மாட்டாது. பரீட்சையில் மௌனம் சாதித்தால் அதன் குட்டு வெளிப்படும். பேசினால் அது பேசும் சில்லு என்பது நிரூபணமாகும். பூட்டிய பெட்டியில் இது எளிதன்று. நம் கேள்விக்கும் சில்லுக்கும் இடையே பிறர் எழுதிய ஃபர்ம்வேர் ஒரு துவிபாஷியாக நிற்கிறது, அவன் கேள்வியைத் திரித்தானா, பதிலை விழுங்கினானா என்று நாம் அறியோம். திறந்த பலகையில் துவிபாஷியின் ஒவ்வொரு சொல்லும் நம் கண்முன் இருக்கிறது; வேண்டாமென்றால் அவனை விலக்கிவிட்டு நாமே பேசலாம்.

வால்வு ரேடியோவிலும், நினைத்துப் பார்த்தால், காகிதத்தில் எல்லாம் வரையப்பட்டிருக்கவில்லை. வால்வு என்பது அதில் ஒரு வட்டமும் அதற்குள் சில கோடுகளுந்தான். அந்தக் கண்ணாடிக் குமிழை எப்படிச் செய்வது என்று அக்காகிதம் சொல்லிக் கொடுத்ததில்லை. பழுது பார்ப்பவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றவுமில்லை. குமிழின் எந்தக் காலில் எவ்வளவு வோல்ட் இருக்கவேண்டும் என்று படம் சொல்லிற்று. அவர் மீட்டரின் முள்ளை அங்கே வைத்துப் பார்த்தார். வால்வு நல்லதா கெட்டதா என்பது தெரிந்துவிட்டது.